கிழங்கும் மீன்கறியும்: பெரிய மனிதரைச் சாப்பிட அழைப்பது எப்படி?

உங்களுக்குப் பிடித்த பெரிய மனிதர் ஒருவரோடு உட்கார்ந்து ஒருவேளை சாப்பிடலாம் என்றால் யாரை அழைப்பீர்கள்? உயிரோடு இருப்பவரானாலும் சரி, மறைந்தவரானாலும் சரி. தமிழ்நாடு–கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளையில் நான் நடத்தும் மெஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் இந்தப் பேச்சுதான் ஓடும். அன்று கூட்டம் குறைவு. ஊருக்குப் போகாத நர்சிங் மாணவிகள், பாறசாலை டிப்போவின் கண்டக்டர் சேட்டன், வங்கியில் வேலை பார்க்கும் தஞ்சாவூர்ப் பையன், ஓய்வுபெற்ற கணக்கு மாஷ் (வாத்தியார்). இவர்கள் சுற்றி உட்கார்ந்துகொண்டு ஆளாளுக்கு ஒரு விருந்தாளியைச் சொல்வார்கள். சோறு போடுகிறவள் நான் என்பதால் விதி போடும் உரிமையும் எனக்கு வந்து சேர்ந்தது. மற்ற வீடுகளிலும் இதை விளையாட ஆரம்பித்துவிட்டதாகக் கேள்விப்படுகிறேன். முறை தெரியாமல் விளையாடிக் கெடுக்காமல் இருக்க, எங்கள் முறையை எழுதி வைக்கிறேன்.

முதலில் ஆளைத் தேர்ந்தெடுப்பது. நீங்கள் கும்பிடுகிறவரை அழைக்காதீர்கள். வீட்டுச் சுவரில் மாலை போட்டு வைத்திருக்கிறவர் நேரில் வந்தால் நீங்கள் கைகட்டி நிற்பீர்கள், அவரும் கூச்சத்தில் இரண்டு வாய் தின்றுவிட்டுக் கை கழுவுவார். மீன்கறி மிஞ்சும். அவர் சொல்வது தவறு என்று தோன்றினால், வாயில் இருப்பதை விழுங்கிவிட்டு 'அப்படி இல்லையே ஐயா' என்று சொல்ல உங்களால் முடிய வேண்டும். 'அந்தப் பப்படத்தை இப்படித் தள்ளுங்கள்' என்று கேட்க முடிய வேண்டும். இந்த இரண்டும் முடியாது என்றால் அவருக்கு விழா எடுங்கள், சாப்பாடு வேண்டாம்.

சினிமாக்காரர்களை அழைப்பவர்களுக்குத் தனியாக ஒரு வரி: நடிகரை அழைக்கலாம், அவர் போட்ட வேஷத்தை அழைக்கக் கூடாது. இதைச் சொன்னதும் பாதிப் பேர் ஆளை மாற்றிவிடுவார்கள்.

அடுத்தது, அந்த மனிதருடைய வயிற்றைப் பற்றி உண்மையான செய்தி ஒன்றாவது தெரிந்திருக்க வேண்டும். இந்த விதி அப்துல் கலாமால் வந்தது. புதிதாக வருகிற மாணவி யாரைக் கேட்டாலும் கலாம் என்றுதான் சொல்லும். ஏன் என்று கேட்டால், 'கனவு காணச் சொன்னாரே அக்கா' என்று பதில் வரும். அது பள்ளிக்கூடச் சுவரில் எழுதியிருக்கிறது, அதைக் கேட்க அவரை ஏன் இலைக்கு முன்னால் உட்கார வைக்க வேண்டும்? அவருக்கு என்ன பரிமாறுவாய் என்று கேட்டால் பிள்ளைக்குப் பேச்சு நின்றுவிடும்.

தேடினால் கிடைக்கும். கலாம் சைவச் சாப்பாட்டுக்காரர். இங்கிருந்து பஸ் ஏறினால் மதியத்துக்குள் போய்விடக்கூடிய தும்பாவில்தான் 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவின் முதல் ராக்கெட் ஏறியது. அந்தக் காலத்தில் அவர் திருவனந்தபுரத்தில் லாட்ஜில் தங்கி, சிறிய ஹோட்டல் ஒன்றில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். பல வருடங்கள் கழித்துக் குடியரசுத் தலைவராகக் கேரள ராஜ்பவனுக்கு முதல் முறை வந்தபோது, தம்முடைய விருந்தாளிகளாக அவர் அழைத்தது இரண்டு பேரை. ஒருவர் அந்தச் சிறிய ஹோட்டலின் உரிமையாளர், இன்னொருவர் சாலையோரத்தில் செருப்புத் தைத்தவர். 2006-இல் உறவினர்கள் டெல்லிக்கு வந்து ராஷ்டிரபதி பவனில் தங்கியபோது, அவர்கள் செலவுக்கான சுமார் மூன்றரை லட்சம் ரூபாயைத் தம் கையிலிருந்து கட்டினார். சாப்பிட்ட இடத்தை மறக்காதவர், பில்லைத் தாமே கட்டுகிறவர். மெஸ் நடத்துகிறவளுக்கு இதற்கு மேல் என்ன சான்றிதழ் வேண்டும்?

ஆகவே கலாமை அழைக்கலாம். மீன் கிடையாது. மரச்சீனிக் கிழங்கு, அதாவது மரவள்ளி, அவித்து, சின்ன உள்ளியும் வற்றல் மிளகாயும் சதைத்துத் தேங்காய் எண்ணெய் ஊற்றிய சம்மந்தித் துவையல் வைத்தால் போதும். ஏவுகணையைப் பற்றிக் கேட்கக் கூடாது. அந்த ஹோட்டலில் மாதக் கணக்கா, அன்றன்றைக்குக் காசா என்று நான் கேட்பேன். இரவு வேலை முடித்துத் தாமதமாக வந்தால் அவருக்குச் சோறு எடுத்து வைத்திருந்தார்களா என்றும் கேட்பேன்.

கேள்வியைத் தயார் செய்வதைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவருடைய வேலை நாளைப் பற்றிய சின்னக் கேள்வியாக இருக்க வேண்டும். புத்தகத்திலோ பேட்டியிலோ பதில் இருந்தால் அந்தக் கேள்வி செல்லாது. 'உங்கள் வெற்றியின் ரகசியம் என்ன' என்று கேட்கிறவர்களை எங்கள் மேசையிலிருந்து எழுப்பி, தண்ணீர் எடுத்துவர அனுப்புவது வழக்கம். காமராசரை எடுத்துக்கொள்ளுங்கள். 1969-இல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் நின்று வென்றவர் என்பதால் இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் அவரை அடிக்கடி அழைப்பார்கள், அழைத்துவிட்டு அரசியல் பேசுவார்கள். நான் அவரிடம் அரிசிக் கணக்குக் கேட்பேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போடும் திட்டத்தை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனவர். ஒரு பிள்ளைக்கு எத்தனை கைப்பிடி என்று முதலில் யார் அளந்து சொன்னார்கள், பருப்புக்குக் காசு போதாத மாதத்தில் எதைக் குறைத்தார்கள்? எனக்கும் மாதக் கடைசியில் இதே தொல்லைதான்.

இனி எங்கள் மேசையில் அதிக நேரம் சண்டை நடந்த விருந்தாளி. கண்டக்டர் சேட்டன் அழைத்தது, பி.டி. உஷா.

1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக், பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டம். உஷா 55.42 வினாடி. வெண்கலம் வாங்கிய ருமேனியப் பெண் 55.41. இது எல்லோருக்கும் தெரியும். சேட்டன் சொன்ன மற்ற செய்திதான் எனக்குப் பெரிது. ஒலிம்பிக் கிராமத்தில் கிடைத்த சாப்பாடு ஒத்துவராமல், ஊரிலிருந்து கொண்டுபோன கடுமாங்காய் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு கஞ்சி குடித்தே ஓடியதாகவும், சத்துக் குறைந்ததால் கடைசி மீட்டர்களில் தெம்பு போனதாகவும் உஷா பின்னாளில் சொல்லியிருக்கிறார். நூறில் ஒரு பங்கு வினாடி! உலகத்திலேயே வேகமாக ஓடும் பெண்களுக்கு நடுவில் போய் நிற்கிற ஒரு பிள்ளைக்கு ஒரு முட்டையைப் பொரித்துக் கொடுக்க அங்கே ஆள் இல்லை.

அப்படியானால் அவருக்கு நாம் என்ன பரிமாறுவது? தஞ்சாவூர்ப் பையன் உடனே பெரிய விருந்தைச் சொன்னான். பருப்பு, நெய், அவியல், எரிசேரி, மூன்று பாயசம். சேட்டன் பரோட்டாவும் இறைச்சியும் என்றார். மாஷ் குறுக்கே வந்து, அந்த நூறில் ஒரு பங்கு வினாடி கஞ்சியால் போனதா, கடைசிக் கோட்டில் நெஞ்சை முன்னே சாய்க்காததால் போனதா என்று எந்தக் கணக்காலும் பிரிக்க முடியாது என்றார். கணக்கு மாஷ் சாப்பாட்டு நேரத்தில் கணக்குப் பேசினால் யாருக்கும் பிடிக்காது. ஒரு மாணவிதான் சரியான இடத்தைத் தொட்டாள்: 'அவருக்குக் கஞ்சி என்றாலே கோபம் வருமோ என்னவோ, அக்கா?'

என் தீர்ப்பு கஞ்சிதான். கஞ்சியின் மேல் குற்றம் இல்லை. கூட வைக்க வேண்டியதை வைக்காததுதான் குற்றம். சிவப்பு அரிசியைக் குழைய விடாமல் பருக்கை தெரிய வேகவைக்க வேண்டும். சிறுபயறு துவரன் (பொரியல்), அதில் தேங்காய் தாராளமாக. கனலில் சுட்ட பப்படம். சுட்ட மாங்காயும் தேங்காயும் அரைத்த சம்மந்தி. வறுத்த நெத்திலிக் கருவாடு. ஆளுக்கு இரண்டு முட்டை, பயிற்சியில் இருக்கும் பிள்ளை என்றால் மூன்று. எங்கள் பக்கத்தில் வயலில் இறங்கி வேலை செய்தவர்கள் கஞ்சி குடித்துத்தான் செய்தார்கள், ஆனால் கஞ்சியை மட்டும் குடித்துச் செய்யவில்லை. உஷா வந்து உட்கார்ந்தால், கஞ்சி இப்படித்தான் இருக்க வேண்டும் என்று காட்டி அனுப்ப வேண்டும் என்பது என் ஆசை. ஊறுகாயும் வைப்பேன், இலையின் ஓரத்தில், கொஞ்சமாக.

அவரிடம் அந்த ஓட்டத்தைப் பற்றி மூச்சு விடக் கூடாது. பய்யோளிக் கடற்கரை மணலில் ஓடிய நாட்களில் காலையில் வெறும் வயிற்றோடு போனாரா, பயிற்சி முடிந்து வந்தால் வீட்டில் முதலில் கையில் கொடுத்தது என்ன? இது சேட்டன் தயார் செய்த கேள்வி, நான் திருத்தம் எதுவும் சொல்லவில்லை.

காயத்தைத் தொடாதீர்கள் என்பதை எல்லா விருந்தாளிக்கும் பொதுவிதியாக வைத்துக்கொள்ளலாம். இஸ்ரோவின் தலைவர்களாக இருந்தவர்களில் மாதவன் நாயர், சிவன், இப்போதைய நாராயணன் மூவரும் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் பிறந்தவர்கள். அந்தப் பெருமையில் சிவனை அழைக்கிறவர்கள், 2019 செப்டம்பரில் சந்திரயான்-2 தரையிறங்குகலம் தொடர்பை இழந்த இரவைத்தான் முதலில் கேட்பார்கள். வேண்டாம். அவர் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, அப்பாவோடு மாந்தோப்பில் வேலை செய்தவர். மாம்பழக் காலத்தில் அழைத்து, பழத்தை வெட்டி நீட்டி, காம்பைப் பார்த்தே பழத்தின் பக்குவம் சொல்ல முடியுமா என்று கேளுங்கள். ராக்கெட்டைப் பற்றிப் பேச வேண்டும் என்றால் அவரே பேசுவார்.

சமையல் விதி எளிது. வீட்டில் அன்றைக்கு என்ன சமைப்பீர்களோ அதுதான். விருந்தாளிக்காக மந்திச் சோறு, புலாவ் என்று புதிதாகக் கற்றுக்கொண்டு இறங்கினால், அவர் சாப்பிடுகிற நேரம் முழுக்க நீங்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். எங்கள் பக்கம் ஞாயிறு என்றால் மரச்சீனிக் கிழங்கும் சாளை (மத்தி) மீன்கறியும். இதைக் கொடுக்கச் சிலர் வெட்கப்படுகிறார்கள், ஏழைச் சாப்பாடாம். திருவிதாங்கூரில் மரச்சீனியைப் பரப்பப் பாடுபட்டவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி வருவது நின்றபோது இந்தச் சமஸ்தானத்து அடுப்புகளை எரிய வைத்தது இந்தக் கிழங்கு. மகாராஜா சிபாரிசு செய்ததை மந்திரிக்குப் போட என்ன வெட்கம்?

செய்முறையில் இரண்டு விஷயம் முக்கியம். கிழங்கைத் தோலும் நடு நாரும் நீக்கி, நிறையத் தண்ணீரில் கொதிக்க வைத்து, அந்த முதல் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும், கிழங்கில் உள்ள நஞ்சு அதோடு போகும். உப்பு அதற்குப் பிறகுதான். வெந்ததும் தேங்காய், பச்சை மிளகாய், சீரகம், மஞ்சள் கொரகொரப்பாக அரைத்ததைப் போட்டு மரக்கரண்டியால் உடைத்துக் கிளற வேண்டும், கூழாக்கிவிடக் கூடாது. மீன்கறியைக் காலையிலேயே வைத்துவிடுங்கள். மாலைக்குள் புளியும் காரமும் மீனில் இறங்கியிருக்கும்.

உட்காரும் இடத்துக்கு வருகிறேன். இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். எல்லோரும் ஒரே பெஞ்சு, ஒரே வரிசை, ஒரே குடத்துத் தண்ணீர். ஒருமுறை சேட்டன் விருந்தாளிக்காகத் தனி நாற்காலி போட்டு அதன் மேல் டர்க்கி டவல் விரித்தார், எடுத்து மடித்து வைக்கச் சொன்னேன். ஒன்றாக உட்கார்ந்து தின்பது இந்த நாட்டில் சும்மா கிடைத்தது இல்லை. இங்கிருந்து கிழக்கே சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் (1809–1851) எல்லாச் சாதியாருக்கும் ஒரே கிணறு என்று முந்திரிக்கிணற்றை வைத்தார், ஒன்றாக உட்கார்ந்து உண்ணச் சொன்னார், அந்தக் காலத்தில் அவரை மகாராஜாவின் ஆட்கள் பிடித்துச் சிறையில் வைத்தார்கள். வடக்கே கொச்சிப் பக்கம் செறாயியில் 1917-இல் சீர்திருத்தவாதி சகோதரன் அய்யப்பன் சாதி பார்க்காமல் சேர்ந்து உண்ணும் மிசிரபோஜனம் நடத்தினார். சேர்ந்து உண்டவர்களை ஊர் ஒதுக்கியது. அவரைப் 'புலையன் அய்யப்பன்' என்று ஏசினார்கள், அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். என் மெஸ்ஸில் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்று இன்று யாரும் பார்ப்பதில்லை. பார்க்கிறவர்கள் ஒன்றிரண்டு பேர் வருவதுண்டு, அவர்களுக்கு நான் பார்சல் கட்டிக் கொடுத்துவிடுவேன்.

இந்த இருவரையும் விருந்தாளியாக அழைக்கலாமா என்று கேட்பார்கள். வைகுண்டரை எங்கள் பக்கத்தில் பலர் தெய்வமாக வணங்குகிறார்கள், ஆகவே முதல் விதிப்படி அவரை அழைப்பதில்லை. சகோதரன் அய்யப்பன் தாராளமாக வரலாம். அன்றைக்கு இலையில் பரிமாறியது என்ன, சமைத்தது யார், முதல் உருண்டையை வாயில் வைக்கும்போது யாருக்காவது கை நடுங்கியதா என்று கேட்க வேண்டும்.

ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேரை அழைக்க ஆசைப்படுவார்கள். பொதுவாக நான் அனுமதிப்பதில்லை. பெரிய மனிதர்கள் இருவர் சேர்ந்தால் ஒருவரை ஒருவர் புகழ்ந்துகொண்டே நேரத்தைப் போக்கிவிடுவார்கள். மாஷ் கொண்டுவந்த கூட்டணிக்கு மட்டும் விலக்குக் கொடுத்தேன். பூதப்பாண்டியில் 1907-இல் பிறந்த ஜீவா, ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்த என்.எஸ். கிருஷ்ணன், வைக்கத்தை அடுத்த தலயோலப்பறம்பில் அதே 1908-இல் பிறந்த வைக்கம் முகம்மது பஷீர். ஒருவர் மேடையில் முழங்கிய கம்யூனிஸ்ட், ஒருவர் சிரிக்க வைத்த கலைவாணர், ஒருவர் மலையாளத்து எழுத்துச் சுல்தான். மூவரும் திருவிதாங்கூர்ப் பிள்ளைகள். மூவரும் சிறைச் சாப்பாடு தின்றவர்கள்! ஜீவா எத்தனையோ முறை. பஷீர் 1930-இல் கோழிக்கோட்டு உப்புச் சத்தியாகிரகத்தில் தொடங்கி, பிறகு திருவனந்தபுரம் மத்தியச் சிறையிலும். என்.எஸ்.கே. 1944-இல் கொலை வழக்கு ஒன்றில் கைதாகி, 1947-இல் குற்றமற்றவர் என்று வெளியே வந்தவர்.

காயத்தைத் தொடாதே என்று சொல்லிவிட்டுச் சிறையைப் பற்றிக் கேட்பதா என்று மாணவிகள் மடக்கினார்கள். சிறையில் இருந்ததை நாங்கள் கேட்கப்போவதில்லை, அங்கே போட்ட சோற்றைத்தான் கேட்போம் என்று மாஷ் சமாளித்தார். அந்த ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு நாம் வாயை மூடிக்கொண்டு பரிமாறினால் போதும். எந்தச் சிறைக் களி மோசம் என்று மூவரும் போட்டி போடுவார்கள். ஜீவா தமிழில் ஆரம்பிப்பார், பஷீர் மலையாளத்தில் மறிப்பார். களியக்காவிளையில் இதற்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டாம்.

பஷீருக்குச் சாப்பாட்டுக்கு முன்பே பால் சேர்க்காத கட்டன்சாயா வைத்துவிடுங்கள். பேப்பூர் வீட்டில் மங்குஸ்தான் மரத்தடியில் சாய்வு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர், அதனால் குற்றாலத்தில் சீசன் தொடங்கி மங்குஸ்தான் இந்தப் பக்கம் வரும் நாளாகப் பார்த்து அழைப்பது நல்லது. ஆட்டை மட்டும் கட்டிப்போடுங்கள். வீட்டு ஆடு தம்முடைய புத்தகங்களையே தின்றதை எழுதிச் சிரித்த மனிதர், ஆட்டைப் பார்த்துவிட்டால் நம்மை மறந்துவிடுவார். கலைவாணருக்கு என்ன போட்டாலும் சரி. ஆனால் கேட்டவருக்கு இல்லை என்று சொல்லாதவர் என்று பெயர் எடுத்தவர், வருகிற வழியில் பசியோடு நின்ற எல்லோரையும் கூட்டிக்கொண்டு வருவார். ஒரு படி அரிசி கூடப் போடுங்கள்.

நேரமும் ஒரு விதிதான். சாப்பிட்டு முடித்து, வெற்றிலைக்கோ சாயாவுக்கோ எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் விருந்தாளி இருக்கலாம். பிறகு அவரைப் பஸ் ஏற்றிவிட வேண்டும். இரவு முழுக்கப் பிடித்து வைத்துக்கொண்டு வாழ்க்கைக்கு வழிகேட்கிறவர்கள் இருக்கிறார்கள், விருந்தாளிக்கு அது தண்டனை. போட்டோ எடுப்பதாக இருந்தால் எச்சில் கையோடுதான் எடுக்க வேண்டும்.

கடைசி விதியை நான் தாமதமாகத்தான் போட்டேன், போட்ட பிறகு விளையாட்டு ஒழுங்குக்கு வந்தது. யார் அழைத்தார்களோ அவர்தான் அன்றைக்குப் பாத்திரம் கழுவ வேண்டும். கலாமை அழைத்தவர்களுக்கு இரண்டு கிண்ணம், ஒரு டம்ளர். உஷாவை அழைத்த சேட்டனுக்குக் கஞ்சிப் பானையும் கருவாடு வறுத்த சட்டியும் போயிற்று, முணுமுணுக்காமல் தேய்த்தார். மாஷ் மூன்று பேரைக் கூட்டிவந்த அன்று, கலைவாணரோடு வந்த கூட்டத்தின் தட்டுகளையும் கணக்கில் சேர்த்துக் கொள்ளச் சொன்னேன். 'அவர்கள் கற்பனையில் வந்தவர்கள்தானே மக்களே' என்று தப்பிக்கப் பார்த்தார். மீன்கறிச் சட்டி கற்பனை இல்லையே என்று சாம்பலும் தேங்காய் நாரும் கையில் கொடுத்தேன்.